தனியாள் கல்வித் திட்டம்

தனியாள் கல்வித் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளில், சிறப்புக் கல்வி பெறத் தகுதியுள்ள ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் தனித்தனியே எழுதப்படும் ஆவணமாகும். பெற்றோரும் ஆசிரியரும் இதனை ஐ.ஈ.பி. என்ற சுருக்கத்தாலேயே குறிப்பிடுவர். பொதுவாக 3 முதல் 21 வயது வரையுள்ளோருக்கு இது பொருந்தும். இதில் எழுதப்பட்ட சேவைகளை, பெற்றோரிடம் கட்டணம் பெறாமல் வழங்குவது பள்ளியின் சட்டக் கடமை.

வரலாறு

1970களின் தொடக்கத்திலும் பல மாநிலங்களில் இக்குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடிந்தது. பத்து இலட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருந்ததாக அமெரிக்கக் காங்கிரசு பதிவு செய்தது. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாசிங்டனிலும் தொடுக்கப்பட்ட வழக்குகளில் 1971, 1972 ஆம் ஆண்டுகளில் குழந்தைகளுக்குச் சாதகமான ஆணைகள் கிடைத்தன. இவற்றைத் தொடர்ந்து வந்த சட்டத்தில் 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு போர்டு ஒப்பமிட்டார். தனியாள் கல்வித் திட்டம் இச்சட்டத்தின் வழியே பிறந்தது. 1990இல் சட்டத்தின் பெயர் மாற்றப்பட்டது. 1997, 2004 ஆம் ஆண்டுகளில் பெரிய திருத்தங்கள் செய்யப்பட்டன.

தயாரிக்கும் முறை

முதலில் பெற்றோரின் எழுத்து மூல இசைவுடன் குழந்தை மதிப்பிடப்படுகிறது. மாநிலம் வேறு கால வரையறை வகுக்காவிடில் இது 60 நாட்களுக்குள் முடிய வேண்டும். தகுதி உறுதியான பின் 30 நாட்களுக்குள் திட்டக் குழு கூடும். பெற்றோர், பொது வகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிருவாகத்தின் சார்பாளர், மதிப்பீட்டு முடிவுகளை விளக்க வல்லவர் ஆகியோர் குழுவினர். பொருத்தமானால் குழந்தையும் அமரலாம். ஆங்கிலம் அறியாத பெற்றோர் கூட்டத்தைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த பெற்றோருக்கும் இவ்வுரிமை உண்டு.

குழந்தையின் இன்றைய நிலை, ஓராண்டு இலக்குகள், வழங்கப்படும் சேவைகள், அவற்றின் கால அளவு ஆகியன திட்டத்தில் இடம்பெறும். இலக்குகள் அளக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். "வாசிப்பு மேம்படும்" என்று எழுதினால் போதாது. எந்த வகுப்பு நிலைப் பாடத்தை, நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் வீதம் வாசிப்பான் என்று எழுத வேண்டும். இயன்றவரை பிற மாணவருடன் சேர்ந்தே கற்பிக்க வேண்டும் என்பதால், பொது வகுப்பிலிருந்து விலக்கினால் அதற்கான காரணமும் எழுதப்படும். 16 வயதுக்குள் பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான ஏற்பாடுகளும் சேர்க்கப்படும். திட்டம் ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படும்.

எவ்வளவு போதும்?

"தகுந்த கல்வி" என்று கூறிய சட்டம் அதன் அளவைக் கூறவில்லை. பெரும்பாலான வழக்குகளின் வேர் இதுவே. நன்கு தேர்ச்சி பெற்று வந்த காது கேளாத மாணவி ஏமி ரவுலிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. குழந்தையின் திறனை உச்சத்துக்குக் கொண்டுசெல்லப் பள்ளி கடமைப்பட்டதன்று; கல்விப் பயன் கிடைத்தால் போதும் என்பது அதன் சாரம். இதைக் கொண்டு சில கீழ் நீதிமன்றங்கள் மிகச் சிறிய பயனே போதுமென்று கூறி வந்தன. கொலராடோவைச் சேர்ந்த மதியிறுக்கமுடைய மாணவன் என்ட்ரூவின் வழக்கில், 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை ஒருமனதாக நிராகரித்தது. குழந்தையின் சூழ்நிலைக்குத் தக்க முன்னேற்றத்தைத் திட்டம் நோக்க வேண்டும் என்றது.

பெற்றோர் உடன்படாவிடில் சமரசப் பேச்சு அல்லது முறையான விசாரணையை நாடலாம். விசாரணை முடியும் வரை, பொதுவாகக் குழந்தை ஏற்கனவே பெற்று வந்த கல்வி தொடரும். ஆயினும் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, மாநிலச் சட்டம் வேறு விதிக்காவிடில், விசாரணை கோருபவரே தம் வாதத்தை நிறுவ வேண்டும். கோருவது பெரும்பாலும் பெற்றோரே என்பதால், வழக்கறிஞருக்கும் வல்லுநருக்கும் செலவிட இயலாத குடும்பங்களுக்கு இது பெருஞ்சுமை.

பள்ளிகளுக்கும் நெருக்கடி உண்டு. ஒரு மாணவருக்கான நாட்டுச் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை நடுவண் அரசு தரலாம் என 1975ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அந்த அளவு இதுவரை ஒருமுறையும் எட்டப்படவில்லை.