"இங்கே ஏன் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?"

நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் கேள்வி இது. சம்பளத்துக்காக, குடும்பத்துக்காக என்பது உண்மைதான். ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடுவதில் வெட்கமும் இல்லை. ஆனால் அது நம் தேவை. கேட்பவர் அறிய விரும்புவது, தம் தேவைக்கு நாம் பொருந்துவோமா என்பதையே.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, சிறையில் பட்ட கஷ்டத்தைச் சொல்லவில்லை. பேணிக் காக்கும் தன்மை, அறிவு என்ற இரு தகுதிகளையே முன்வைத்தார்கள் (அல்குர்ஆன் 12:55). பஞ்சத்தை எதிர்நோக்கியிருந்த நாட்டுக்குத் தேவைப்பட்டவையும் அவைதாம்.

எனவே, அந்நிறுவனம் என்ன செய்கிறது, இந்தப் பதவிக்குரிய வேலை என்ன என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். அதற்கு உதவும் உங்கள் படிப்பையோ அனுபவத்தையோ ஓர் உதாரணத்துடன் சொல்லுங்கள். இல்லாத தகுதியைச் சொல்லாதீர்கள். பொய் சொல்லிப் பெறும் வேலையில் பரக்கத் இருக்காது.