கீழ்ப்பாக்கமும் கிட்னிக் கஷாயமும்

"டாக்டர், கிட்னிக்கு இங்கிலீஷ் மருந்தோட ஆயுர்வேதமும் சேர்த்து எடுக்கலாமா?" மேற்கு மாம்பலத்துல கேட்டாலும் மதுரைல கேட்டாலும் இதே கேள்விதான். ஆனா இது நூறு வருஷப் பழசுங்க. சின்னதா ஒரு இழை.

1921-ல் மதராஸ் அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியம் பற்றி ஒரு குழு போட்டது. செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, அலோபதி படிச்ச டாக்டர். 1923-ல் அறிக்கை. அதன் பலன்தான் கீழ்ப்பாக்கத்தில் சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றுக்கும் அரசுப் பள்ளி. முதல் முதல்வரும் அவரே. கூடவே நவீன மருத்துவமும் பாடம்! பிற்பாடு அங்கே படிச்சவங்கதான் போர்டுல 'ஜி.சி.ஐ.எம்.' போட்டுக்கிட்ட டாக்டர்கள். வீட்ல பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. 1960-ல் அது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆயிடுச்சு.

அந்த ஆரம்ப காலத்துல டயாலிசிஸ் கிடையாது. கிட்னி முழுசா செயலிழந்தா நெருஞ்சில், மூக்கிரட்டை கொடுத்தவரும் சரி, ஊசி போட்டவரும் சரி, கைவிரிக்கத்தான் முடியும். வேலூர் சி.எம்.சி.யில் மாற்று அறுவை சிகிச்சை வெற்றியானதே 1971-ல்.

இன்னொரு வரலாறும் இருக்கு. 1990-களின் தொடக்கம், பிரஸ்ஸல்ஸ். உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து கிட்னி போச்சு. மூலிகை மாறி அரிஸ்டோலோகியா கலந்திருந்தது. நம்ம ஆடுதின்னாப்பாளை அதே இனம்.

அதனால சேர்த்து எடுக்கிறவங்க பதிவு பெற்ற வைத்தியர்கிட்ட போங்க. பாட்டிலை எங்ககிட்டயும் காட்டுங்க, கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துக்கலாம். பேர் ஒட்டாத பொட்டலம் வேண்டாம். கஷாயத்தை நம்பி டயாலிசிஸை மட்டும் நிறுத்திடாதீங்க.