ஆளுநரின் விண்ணப்பம்

வெள்ளமோ, புயலோ, தீயோ ஒரு நாட்டைத் தாக்குங்கால், மக்கள் துயரைத் துடைக்க வேண்டியவர் யார் என்னும் வினா எழுகிறது. ஒற்றையாட்சி நாடுகளில் இதற்கு விடை எளிது. கூட்டாட்சியில் அஃது அத்துணை எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இதற்கொரு நிலையான விடை காண ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

ஆளுநர் என்றதும் பினாங்கு, மலாக்கா மாநிலங்களின் ஆளுநரை எண்ணிக்கொள்ளுதல் கூடாது. அமெரிக்க ஆளுநர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநிலத்தின் நிருவாகத்துக்கு அவரே தலைவர். ஏறக்குறைய நம் முதலமைச்சரை ஒத்தவர் எனலாம்.

1802 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மத் துறைமுகம் தீக்கிரையாயிற்று. அடுத்த மாதமே காங்கிரசு ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் எவருக்கும் பணம் வழங்கவில்லை. வணிகர் கட்டவேண்டிய சுங்கவரிக்குத் தவணையை நீட்டித்தது, அவ்வளவே. பேரிடருக்குக் கூட்டரசு செய்த முதல் உதவி என வரலாற்றாசிரியர் இதனையே சுட்டுவர். அதன்பின் 1950 வரை இவ்வாறே ஒவ்வோர் இடருக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அத்தகையவை நூற்றுக்கு மேற்பட்டன.

இம்முறையின் குறையை 1887ஆம் ஆண்டு நிகழ்ச்சி நன்கு காட்டும். டெக்சாஸ் மாநிலத்தில் மழை பொய்த்தது. உழவர்க்கு விதைத் தானியமும் இல்லை. விதை வாங்கிக் கொடுக்கப் 10,000 டாலர் ஒதுக்கிக் காங்கிரசு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதிபர் குரோவர் கிளீவ்லாந்து அதற்கு ஒப்பமிட மறுத்துத் திருப்பியனுப்பினார். அரசைத் தாங்குவது மக்கள் கடமை, மக்களைத் தாங்குவது அரசின் கடமையன்று என்பது அவர் வாதம். அரசியற் சட்டம் அத்தகைய அதிகாரம் தரவில்லை என்றும், சக குடிமக்களின் ஈகையே இதற்குப் போதும் என்றும் எழுதினார். அவர் கல்நெஞ்சர் அல்லர், கொள்கையில் உறுதியுடையவர். ஆயினும் கொள்கையை நிலத்தில் விதைத்தல் இயலுமா? மசோதாவை நிறைவேற்றிய காங்கிரசு உறுப்பினரும் அதே அரசியற் சட்டத்தைப் படித்தவர்களே.

1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்து 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. நேரில் வருமாறு ஆளுநர்கள் அழைத்தும் அதிபர் கூலிட்ஜ் செல்லவில்லை. வணிக அமைச்சர் ஹூவரை அனுப்பினார்; உணவும் கூடாரமும் பெரிதும் செஞ்சிலுவைச் சங்கத்தின் நன்கொடையால் வந்தன.

1950 செப்டம்பர் 30இல் அதிபர் துருமன் ஒப்பமிட்ட சட்டமே திருப்பமாயிற்று. இடர்தோறும் காங்கிரசின் வாயிலில் காத்திருக்கும் நிலை அன்றோடு நீங்கியது. ஆளுநர் உதவி தேவையெனச் சான்றளித்து, மாநிலமும் தன் பங்குக்குச் செலவிடும் என உறுதி கூறினால், அதிபரே உதவியளிக்கலாம் என்றாயிற்று. இதன்கீழ் முதல் அறிவிப்பு 1953 மே 2இல் ஜார்ஜியா மாநிலத்துச் சூறாவளிக்காக வெளிவந்தது. 1979இல் கூட்டரசு நெருக்கடி மேலாண்மை முகமை தோன்றியது. 1988இல் ஸ்டாபர்ட் சட்டம் முறைகளை விரிவாக வகுத்தது.

அம்முறை வருமாறு: ஆளுநர் முதலில் தம் மாநிலத்தின் நெருக்கடித் திட்டத்தைச் செயற்படுத்த வேண்டும். மாநில அலுவலரும் கூட்டரசு அலுவலரும் சேர்ந்து சேதத்தை அளவிடுவர். பின்னர் ஆளுநர் அதிபருக்கு எழுதும் விண்ணப்பத்தில், இவ்விடர் மாநிலத்தின் ஆற்றலையும் ஊராட்சிகளின் ஆற்றலையும் கடந்தது எனக் காட்டவேண்டும். பெருமிதமுள்ள மாநிலத் தலைவர் எவருக்கும் எழுதக் கசக்கும் வாக்கியம் இது. அறிவிப்பு வந்தால், பாலம், சாலை முதலிய பொதுப்பொருள்களைச் சீர்செய்யும் செலவில் முக்காற் பங்குக்குக் குறையாமல் கூட்டரசு ஏற்கும். இடர் வருமுன்னரும் நெருக்கடி நிலை அறிவிக்குமாறு கேட்கலாம்; 2005இல் கத்ரீனா புயல் கரையேற இரு நாள் இருக்கையில் லூசியானா ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ அவ்வாறே கேட்டுப் பெற்றார். எனினும் அப்புயலில் உதவி காலத்தில் சென்றடையவில்லை என்பதை உலகறியும். 2013 முதல் செவ்விந்தியக் குடிகளின் தலைவர்களும் ஆளுநர் வழியன்றி நேரே விண்ணப்பிக்கலாம்.

இத்தனை விதிகள் இருந்தும் முடிவு அதிபர் ஒருவரின் விருப்பத்தைச் சார்ந்ததே. மறுத்தால் ஆளுநர் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் வாளாவிருந்தால்? 2020 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்து மால்டன் என்னும் சிற்றூர் காட்டுத்தீயில் எரிந்தது. ஏறத்தாழ இருநூறு பேரே வாழும் ஊர். கட்டடங்களிற் பெரும்பகுதி சாம்பலாயின. ஆளுநர் ஜே இன்ஸ்லீ அம்மாதமே விண்ணப்பித்தார். அதிபர் டிரம்பை அவர் வெளிப்படையாகக் குறைகூறி வந்தவர். விண்ணப்பத்துக்கு இசைவும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. குளிர்காலம் முழுவதும் ஊரார் காத்திருந்தனர். 2021 பிப்ரவரியில், பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த அதிபர் பைடன் அதற்கு ஒப்பமிட்டார்.