மேசைமேல் ஒரு திரையா, இரு திரையா? – ஒரு வரலாற்று நோக்கு



"ஓர் ஆசிரியருக்கு எதற்கு இரண்டு கணினித் திரை? ஒன்றில் பாடம், இன்னொன்றில் படமா?" ஆசிரியர் அறைக்குத் திரைகள் வாங்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழும்போதெல்லாம் இப்படியொரு வினாவும் கூடவே எழுவது உண்டு. கேட்பதில் தவறில்லை. சங்கத்தின் பணம் பெற்றோர் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்த பணம். அது எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இன்னொரு பக்கம், ஆசிரியர்களுக்குள்ளேயே இரு கட்சிகள் உள்ளன. இரண்டு நடுத்தரத் திரைகளை அருகருகே வைத்துக்கொள்வதே வசதி என்பார் சிலர். அந்தப் பணத்திற்கு ஒரே பெரிய திரையாக வாங்கிவிடலாம் என்பார் வேறு சிலர். இந்த வழக்கு நேற்று முளைத்ததன்று. கணினி என்ற சொல்லே இல்லாத காலத்திலும் இதன் வேர் இருந்திருக்கிறது. அந்த வேரைத் தேடிப் பார்த்தால் விடையும் ஓரளவு புலப்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1588ஆம் ஆண்டில் அகொஸ்டீனோ ராமெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர், பலவகைப் பொறிகளின் படங்களைத் தொகுத்துப் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு படம் இன்றும் பலரைக் கவர்வது. ஆளுயரச் சக்கரம் ஒன்று. அதைச் சுற்றிலும் சாய்வுப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் விரித்து வைத்த ஒரு நூல். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அடுத்த நூல் கண்முன் வந்து நிற்கும். நூல்கள் கவிழ்ந்து விழாமல் ஒரே சாய்வில் நிற்பதற்காகப் பற்சக்கரங்களையும் அவர் வரைந்து காட்டியிருந்தார். பல நூல்களை ஒப்பிட்டுப் படிப்பவர் எழுந்து நடக்காமல் அமர்ந்த இடத்திலேயே படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆயினும் ஒரு குறை. ஒரு நேரத்தில் ஒரு நூலே முழுமையாகக் கண்ணுக்கு முன் நிற்கும். மற்றதைப் பார்க்கச் சக்கரத்தைச் சுழற்றியாக வேண்டும். இன்று ஒரே சிறிய திரையில் சாளரங்களை மாற்றி மாற்றித் திறந்து பார்க்கிறோமே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒப்புநோக்குவதன் அருமை நமக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டி, பாட வேறுபாடுகளை ஆராய்ந்துதான் அச்சேற்றினார். ஓர் ஏட்டில் படித்ததை நினைவில் ஏந்திக்கொண்டு மற்றோர் ஏட்டுக்குப் போவது எத்தகைய உழைப்பு என்பது, விடைத்தாளையும் புள்ளிப் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

இனிக் கணினிக் காலத்துக்கு வருவோம். உண்மையில் கணினித் திரை பரவலாவதற்கு முன்பே இரு திரை மேசையை ஒருவர் எழுத்தில் வரைந்துவிட்டார். அவர் அமெரிக்கப் பொறியாளர் வன்னெவர் புஷ். 1945 ஜூலையில் 'அட்லாண்டிக்' திங்களிதழில் வெளிவந்த கட்டுரையில், 'மீமெக்ஸ்' என்ற கற்பனை மேசையை அவர் விளக்கினார். மேசைக்குள் நுண்படச் சுருள்கள், மேற்பரப்பில் சாய்வாக அமைந்த ஒளி ஊடுருவும் திரைகள், பக்கத்தில் விசைகள். இரண்டு ஆவணங்களை அடுத்தடுத்த திரைகளில் விழச் செய்து, ஒன்றை மற்றொன்றோடு தொடுத்து வைக்கலாம் என்று அவர் எழுதினார். அந்த மேசை கடைசிவரை செய்யப்படவே இல்லை. எனினும் திரை ஏன் பன்மையில் இருக்க வேண்டும் என்பதற்கு அவர் கொடுத்த காரணம் தெளிவானது: தொடர்புபடுத்த வேண்டிய இரண்டும் ஒருசேரக் கண்ணில் பட வேண்டும்.

அக்கட்டுரையை அதே 1945இல், பிலிப்பைன்சின் லெய்ட்டே தீவில், செஞ்சிலுவைச் சங்க நூலகக் குடிசையொன்றில் ஓர் இளைஞர் படித்தார். அமெரிக்கக் கடற்படையில் ராடார் தொழில்நுட்பப் பணியில் இருந்த டக்ளஸ் எங்கெல்பார்ட் அவர். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டெலியையும், திரையில் திருத்தி எழுதுவதையும், தொலைவில் இருப்பவரோடு ஒரே ஆவணத்தில் பணியாற்றுவதையும் உலகுக்குச் செய்து காட்டியவரும் அவரே. நம் வட்டாரத்துத் தீவொன்றில் விழுந்த வித்து என்று எண்ணும்போது சிறு மகிழ்ச்சி.

1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஆல்ட்டோ கணினி வேறு பாதையில் சென்றது. அதன் திரை ஒன்றுதான். அதுவும் நின்ற வாக்கில், ஒரு தாளின் வடிவில், 606க்கு 808 படப்புள்ளிகள் கொண்டது. ஒரு தாள் அளவே இருந்த இடத்தில் பல ஆவணங்களை வைக்க, ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்களை அங்குள்ளோர் உருவாக்கினர். மேசையில் இடமில்லாதவன் தாள்களை அடுக்கி வைப்பதைப் போன்ற தீர்வு அது. இன்று நாம் பழகியிருக்கும் சாளரங்கள் இடம் போதாமையிலிருந்து பிறந்தவை என்பதை மறந்துவிடுகிறோம். அடுக்கிய தாள்களில் அடியில் இருப்பதை எடுக்க, மேலிருப்பதை நகர்த்த வேண்டும். 1986இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெண்டர்சனும் கார்டும் இதை ஆராய்ந்து எழுதினர். சிறிய திரையில் மனிதர் வேலை செய்யும் நேரத்தைவிடச் சாளரங்களை நகர்த்தும் நேரம் மிகுந்துவிடக்கூடும் என்பதே அவர்கள் கண்ட சிக்கல். அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, வேலைக்கொரு மெய்நிகர் அறையாகத் திரையைப் பிரித்துக்கொள்வது.

இதற்கிடையில் கடைத்தெருவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் கணினிக்கு இருவகைத் திரை அட்டைகள் இருந்தன. ஒன்று எழுத்துகளை மட்டும், ஆனால் கூர்மையாகக் காட்டும் ஒருநிற அட்டை. மற்றொன்று வண்ணப் படம் காட்டும். எழுத்தோ கரடுமுரடாக இருக்கும். இரண்டும் நினைவகத்தின் வெவ்வேறு இடங்களைப் பயன்படுத்தியதால் ஒரே கணினியில் இரண்டையும் பொருத்த முடிந்தது. 1983இல் வெளிவந்த 'லோட்டஸ் 1-2-3' என்ற விரிதாள் மென்பொருளில், எண்களை ஒரு திரையிலும் அவற்றின் வரைபடத்தை மற்றொரு திரையிலும் காண முடிந்தது. அக்காலத்து இரட்டைத் திரை ஆடம்பரம் அன்று. ஒரே திரையால் இரு வேலையையும் செம்மையாகச் செய்ய இயலாமையின் விளைவு.

1987இல் வந்த மெக்கின்டோஷ் 2தான் இன்றைய பொருளில் இரட்டைத் திரையைப் பரவலாகக் காட்டியது எனலாம். அதன் முன்னோடியான 1984ஆம் ஆண்டு மெக்கின்டோஷின் திரை 9 அங்குலமே. புதியதிலோ ஆறு செருகிடங்கள் இருந்தன. கூடுதல் அட்டைகளைச் செருகித் திரைகளை இணைத்தால் சுட்டெலிக் குறி ஒரு திரையின் விளிம்பைத் தாண்டி அடுத்த திரைக்குள் நுழையும். விண்டோஸ் உலகுக்கு இவ்வசதி 1998ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது. மறு ஆண்டே மேட்ராக்ஸ் நிறுவனம் ஒரே அட்டையில் இரு திரைகளுக்கான வாய்களை வைத்து விற்றது. ஆயினும் அன்றைய குழாய்த் திரைகளை நினைத்துப் பாருங்கள்! 21 அங்குலத் திரை ஏறத்தாழ 30 கிலோ எடை. சுவரை முட்டும் ஆழம். இரண்டை நெருக்கி வைத்தால் ஒன்றன் காந்தப்புலம் மற்றொன்றின் படத்தை நடுங்கச் செய்யும். ஆசிரியர் அறை மேசைகளில் அது நடவாத செயல். 2000களில் தட்டைத் திரைகள் மலிந்த பிறகுதான் இக்கேள்வி நம்மைப் போன்றோரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அப்போதுதான் ஆய்வுகளும் தொடங்கின. 2001இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் ஜோனதன் குருடின், பல திரை வைத்திருப்போர் அவற்றை எவ்வாறு கையாள்கின்றனர் என்று கவனித்து எழுதினார். இரண்டு திரைகளை அவர்கள் ஒரு பெரிய திரையாகக் கருதவே இல்லை. ஒரு சாளரத்தை இரண்டிலும் விரித்துப் போடுவோர் அரிது. முதன்மை வேலை ஒரு திரையில். கவனத்தின் ஓரத்தில் இருக்க வேண்டியவை மற்றதில். என் பார்வையில், இவ்வழக்கு முழுவதிலும் இதுவே மிகப் பயனுள்ள செய்தி. பெரிய கூடம் ஒன்று இருப்பதும், கூடத்தோடு ஓர் அறை இருப்பதும் ஒன்றாகுமா? தொடர்ந்து ஒரே பெரிய பட்டியலைப் பார்ப்பவருக்குக் கூடம் வேண்டும். இரு வேறு வேலைகளைப் பிரித்து வைப்பவருக்கு அறைச்சுவரே உதவி.

2008இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வொன்று நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்பட்டது. எழுத்துத் திருத்தம், விரிதாள் போன்ற வேலைகளை 18 அங்குலத் திரையில் செய்தவரைவிட, இரண்டு 20 அங்குலத் திரைகளில் செய்தவர் 44 விழுக்காடும், ஒரே 24 அங்குலத் திரையில் செய்தவர் 52 விழுக்காடும் விரைவாக முடித்தனராம். 26 அங்குலத்துக்குப் போனபோது விரைவு மீண்டும் குறைந்ததாம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது திரை விற்கும் நெக் நிறுவனம். ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. விற்பவரின் செலவில் வந்த விழுக்காட்டை அப்படியே சங்கக் கூட்டத்தில் எடுத்து வைப்பது முறையன்று.

நம் நாட்டுப் பள்ளிகளில் இரட்டைத் திரை வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது, அவ்விரு பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் பள்ளிகளுக்கு எல்சிடி ஒளிவீழ்த்தியும் வழங்கப்பட்டன. அத்திட்டத்தின் நன்மை தீமை வேறொரு கட்டுரைக்குரியது. ஆனால் மடிக்கணினித் திரை ஒன்று, வெண்பலகையில் விழும் திரை இன்னொன்று என இரு திரைகளோடு பணியாற்றும் பழக்கம் அப்போதுதான் பல ஆசிரியர்களுக்கு ஏற்பட்டது. பெரும்பாலோர் இரண்டிலும் ஒரே படத்தையே காட்டினர். நீட்டித்துக் காட்டும் முறையில் வைத்தால், மாணவர் பார்ப்பது ஒன்றாகவும் ஆசிரியர் பார்ப்பது வேறாகவும் இருக்கும். புள்ளிப் பட்டியல் வகுப்புக்கே வெளிச்சமாகும் தொல்லை இல்லை. இன்றைய விண்டோஸில் விண்டோஸ் விசையோடு 'பி' எழுத்தை அழுத்தினால் போதும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, வீட்டிலிருந்தே கற்பித்தல் தொடங்கியபோது, கைப்பேசியையே இரண்டாம் திரையாக்கி, ஒன்றில் மாணவர் முகமும் மற்றொன்றில் பாடமுமாக நடத்தியோர் நம்மில் எத்தனை பேர்!

இப்போது பெற்றோரின் வினாவுக்கு நேராக வருகிறேன். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின், ஒரு பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டுவதில் வகுப்பறை மதிப்பீட்டின் பங்கு பெருகியுள்ளது. ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு திறனிலும் 1 முதல் 6 வரை தர அடைவைப் பதிய வேண்டும். ஆசிரியரின் குறிப்பு ஒரு கோப்பில். பதிய வேண்டிய படிவம் மற்றொரு கோப்பில். தரம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கம் கலைத்திட்ட ஆவணத்தில். 14 அங்குல மடிக்கணினியில் இம்மூன்றையும் மாற்றி மாற்றித் திறக்கையில், எண்ணை நினைவில் ஏந்தித்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு வரி தவறினால் போதும். கவிதாவின் 5 கவினுக்குப் போகும். கவினின் 3 கவிதாவுக்கு வரும். அதைக் கண்டுபிடிக்க வேறு எந்த வழியும் அந்தப் படிவத்தில் இல்லை. வீட்டுக்கு வரும் அறிக்கையில் தாய் பார்ப்பது அந்த எண்ணைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சொகுசு அன்று என்று நான் வாதிடுவது இதனால்தான்.

அப்படியானால் எதை வாங்குவது? சிறிது கணக்குப் போடுவோம். 24 அங்குல அகலத்திரை ஒன்றின் அகலம் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். இரண்டு வைத்தால் 106. நான்கடி மேசையின் அகலம் 122 சென்டிமீட்டர். மாணவர் பயிற்சி நூல்களை எங்கே அடுக்குவது? 27 அங்குலத் திரையோ 60 சென்டிமீட்டரில் அடங்கும். ஆனால் அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 1920க்கு 1080 படப்புள்ளிகளே கொண்ட 27 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 புள்ளிகள்தாம் வரும். அதே புள்ளிகள் 24 அங்குலத்தில் 92 வரும். அதாவது பெரிய திரையில் கூடுதலாக ஒரு வரிகூடத் தெரியாது. எழுத்து மட்டும் பருத்துத் தெரியும். ஆங்கில எழுத்துக்கு இது பெரிதாகத் தோன்றாமல் போகலாம். நம் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழிதான். புள்ளிகள் நெருக்கமில்லாத திரையில் சிறிய எழுத்துருவை வைத்து மெய்ப்புப் பார்ப்பவரின் கண் என்ன பாடு படும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

என் கணிப்பு இதுதான். ஆசிரியரிடம் முன்பே மடிக்கணினி இருக்குமானால், அதனோடு ஒரு 24 அங்குலத் திரையை இணைத்தாலே இரு திரை ஆகிவிடுகிறது. ஒருவருக்கு இரண்டு புதிய திரை என்று வாங்குவதைவிட, அதே பணத்தில் இருவருக்கு ஒவ்வொன்று வாங்கலாம். நாள் முழுதும் பார்க்கும் திரை முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். துணைத்திரை பக்கவாட்டில் சற்று உட்புறமாகத் திரும்பி இருக்கட்டும். இரண்டின் இணைப்பு விளிம்பை மூக்குக்கு நேரே வைத்து, ஒன்றை மட்டுமே பார்த்து வேலை செய்தால் கழுத்து வலி நிச்சயம். நீளமான வருகைப் பட்டியலோடும் கணக்கேட்டோடும் மல்லாடும் அலுவலக எழுத்தருக்கும், தேர்வுத்தாள் பக்கங்களை வடிவமைக்கும் ஆசிரியருக்கும் மட்டும் ஒரே பெரிய திரையைப் பரிந்துரைப்பேன். அவர்களுக்கு 27 அங்குலம் வாங்குவதானால் 2560க்கு 1440 படப்புள்ளிகளுக்குக் குறையாமல் இருக்கட்டும். விற்பனையாளர் அளவைச் சொல்லி நிறுத்திவிட்டால், பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.