சிகப்பு ரோஜாக்கள் (திரைப்படம்)

சிகப்பு ரோஜாக்கள் 1978 அக்டோபரில் வெளியான தமிழ்த் திரைப்படம். இயக்கம் பாரதிராஜா. கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் முதன்மை வேடங்களில் நடித்தனர். பெண்களைத் தொடர்ந்து கொல்லும் ஒருவனைக் கதாநாயகனின் இடத்தில் நிறுத்திய இப்படம், தமிழில் தொடர்கொலைப் படங்களுக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது. விறுவிறுப்புக்காக இன்றும் நினைவுகூரப்படும் இப்படம், கொலைகளுக்குச் சொல்லும் காரணத்துக்காக விமர்சிக்கவும்படுகிறது.

பின்னணி

1977-ல் வெளிவந்த ‘16 வயதினிலே’, தமிழ்ப் படப்பிடிப்பை ஸ்டூடியோ அரங்கிலிருந்து கிராமத்துத் தெருவுக்குக் கொண்டுசென்றது. அடுத்து வந்த ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) படமும் கிராமத்துக் கதையே. இரண்டும் வெற்றி பெற்றதால் பாரதிராஜா கிராமத்துப் படங்களின் இயக்குநர் என்றே பெயர் பெற்றார். மூன்றாவது படத்தில் அவர் நகரம், பங்களா, கார், அலுவலகம் என முற்றிலும் வேறான களத்துக்கு வந்தார்.

தமிழில் அதற்கு முன்பும் மர்மப் படங்கள் உண்டு. பாடல்களே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ (1954), ‘அதே கண்கள்’ (1967), ‘நடு இரவில்’ (1970) ஆகியவை முக்கியமானவை. கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதே இவற்றின் உத்தி. சிகப்பு ரோஜாக்கள் அதைக் கைவிட்டது. கொலைகாரன் யார் என்பது பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும், கதாநாயகிக்குத்தான் தெரியாது. ‘யார்’ என்ற கேள்வியின் இடத்தில் ‘அவள் தப்புவாளா’ என்ற கேள்வி வந்தது. பதற்றத்தை இவ்வகையில் வளர்ப்பது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படங்கள் வழியே உலகெங்கும் அறிமுகமான முறை.

கதைச் சுருக்கம்

திலீப் செல்வந்தனான தொழிலதிபர். பெண்களைத் தன் பங்களாவுக்கு அழைத்துவந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். அந்த மண்ணில் ரோஜாச் செடிகள் வளர்கின்றன. கொலைக் காட்சிகள் படமாக்கப்படுகின்றன, அவனுடைய வளர்ப்புத் தந்தை அவற்றைப் பார்த்து மகிழ்கிறார். துணிக்கடையில் வேலை செய்யும் சாரதாவைத் திலீப் விரும்புகிறான். திருமணத்துக்கு மட்டுமே அவள் இசைவதால் மணந்துகொள்கிறான். பங்களாவுக்கு வரும் சாரதா, தனியறை ஒன்றில் அவன் எழுதிவைத்திருக்கும் கடந்த காலத்தைப் படிக்கிறாள். பிறகு உயிர் பிழைக்க ஓடுகிறாள். இறுதியில் திலீப் பிடிபடுகிறான், மனநிலை குலைந்து சிறையில் சாரதாவின் நினைவிலேயே வாழ்கிறான்.

நடிகர்கள்

கமல்ஹாசனுக்கு அப்போது 24 வயது நிறைவடையவில்லை. ‘16 வயதினிலே’ படத்தில் கோவணம் கட்டிய சப்பாணியாக நடித்தவர், அடுத்த ஆண்டே அதே இயக்குநரிடம் கோட் அணிந்த கொலைகாரனாக நடித்தார். திலீப்பைக் கத்தியோடு அலறும் வில்லனாக அவர் ஆக்கவில்லை. மென்மையான பேச்சும் அழகிய தோற்றமும் பெண்களை அவனிடம் நம்பிக்கை கொள்ளச் செய்கின்றன. முகத்தில் சட்டென்று வரும் மாற்றமே அச்சமூட்டுகிறது. காதல் நாயகனுக்குரிய கவர்ச்சியையே கொலைகாரனின் கருவியாக ஆக்கியது இந்த வேடத்தின் புதுமை.

ஸ்ரீதேவிக்கு அப்போது 15 வயது. பக்தியும் எச்சரிக்கையும் உள்ள பெண்ணாகத் தொடங்கி, பிற்பகுதியில் பேச்சு குறைந்த நீண்ட காட்சிகளைத் தனியாகத் தாங்குகிறார். பார்வையாளர் அந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர் கண்கள் வழியாகத்தான்.

பாரதிராஜாவின் உதவியாளராக இருந்த கே. பாக்யராஜ் படத்துக்கு வசனம் எழுதினார், ஓட்டல் பணியாளராகச் சிறு வேடத்திலும் நடித்தார். அடுத்த ஆண்டு ‘புதிய வார்ப்புகள்’ படத்தில் அவர் நாயகனானார். கவுண்டமணி நகைச்சுவை வேடத்தில் நடித்தார்.

ஒளிப்பதிவும் இசையும்

‘16 வயதினிலே’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி. எஸ். நிவாஸ் இதிலும் பணியாற்றினார். கறுப்புப் பூனை, மூடிய கதவு, தோட்டத்து மண் ஆகியவற்றைக் கேமரா திரும்பத் திரும்பக் காட்டி அச்சத்தை வளர்க்கிறது. இளையராஜா இசையில் இரண்டு பாடல்களே உள்ளன. அவற்றில் ‘நினைவோ ஒரு பறவை’ பாடலைக் கமல்ஹாசனே எஸ். ஜானகியுடன் பாடினார். பாடல்கள் குறைந்ததால் பின்னணி இசைக்குக் கூடுதல் இடம் கிடைத்தது.

குறைகள்

பங்களாவில் இத்தனை கொலைகள் நடந்தும் வெளியுலகம் அறியாமல் இருப்பது நம்பும்படி இல்லை. நகைச்சுவைக் காட்சிகள் கதையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன.

இவற்றைவிடப் பெரிய குறை திலீப்பின் முன்கதை. அநாதைச் சிறுவனான அவனுக்கு அடைக்கலம் தந்த வீட்டுப் பெண் அவனைத் தவறாக அணுகிவிட்டு அவன்மீதே பழி சுமத்துகிறாள். பின்னர் அவனை வளர்த்தவரின் மனைவியும் கணவனுக்குத் துரோகம் செய்கிறாள். கொலைக்குக் காரணம் பெண்களின் நடத்தைதான் என்ற தர்க்கத்தைப் படம் போதிய அளவு கேள்வி கேட்பதில்லை. சாரதா பக்தியும் கற்பும் உடையவள் என்பதால் தப்பத் தகுதியானவள், மற்றவர்கள் அத்தகையவர்கள் அல்ல என்ற பிரிவினையும் உண்டாகிறது. கொல்லப்பட்ட பெண்களின் வாழ்க்கை பற்றிப் பார்வையாளருக்கு ஏறத்தாழ எதுவும் தெரிவதில்லை. கொலைகாரனுக்கு மட்டுமே இளமைக்காலம் இருக்கிறது.

தாக்கம்

படம் பெரும் வெற்றி பெற்றது. தெலுங்கில் ‘எர்ர குலாபிலு’ என மொழிமாற்றம் செய்யப்பட்டது. இந்தியில் ராஜேஷ் கன்னா, பூனம் தில்லான் நடிக்க ‘ரெட் ரோஸ்’ (1980) என்ற பெயரில் பாரதிராஜாவே இயக்கினார். தமிழில் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை.

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இதே வகையில் வந்த அடுத்த முக்கியப் படம். பின்னர் ‘மன்மதன்’ (2004), ‘நடுநிசி நாய்கள்’ (2011), ‘ராட்சசன்’ (2018) என இவ்வரிசை நீண்டது. கொலைகாரனை இளமைக்காலக் காயத்தால் விளக்கும் முறை இப்படங்களிலும் வெவ்வேறு வடிவில் தொடர்ந்தது. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் கமல்ஹாசன் தொடர்கொலைகாரர்களைத் தேடும் காவல் அதிகாரியாக நடித்தார்.

தமிழ்த் தொடர்கொலைப் படங்களின் பலமும் பலவீனமும் சிகப்பு ரோஜாக்கள் படத்திலேயே உள்ளன. கொலைகாரனை அருகிலிருந்து காட்டும் துணிவு இதிலிருந்து வந்தது. இறந்த பெண்களை அவன் கண்ணால் மட்டுமே பார்க்கும் வழக்கத்துக்கும் இதுவே தொடக்கமாக அமைந்தது.