உடுக்கையும் ஒலிநாடாவும்: கொங்கில் அண்ணன்மார் கதைப்பாட்டு கடந்த வழி

அமெரிக்காவில் நாட்டார் பாட்டு மின்கித்தாரோடு சேர்ந்த ஆண்டு 1965. பாப் டிலன் எழுதிய பாட்டொன்றைத் 'தி பேர்ட்ஸ்' குழு பன்னிரு தந்தி மின்கித்தாரில் வாசித்து, ஜூன் மாதம் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஜூலை 25 அன்று நியூபோர்ட் விழாவில் டிலனே மின்கித்தாரோடு மேடையேறினார், கூட்டம் இரண்டுபட்டது. 'ஃபோக் ராக்' என்ற பெயர் நிலைத்தது.

அதே ஆண்டில் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில், மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், இ.சி. ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் சாமி கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அதன்பின் இந்தக் கதை நூல், புதினம், திரைப்படம், அசைபடம் என ஒவ்வோர் ஊடகத்துக்கும் போயிற்று. உடுக்கை மட்டும் கூடவே போகவில்லை. அது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கதை கொங்கில் பலருக்கும் தெரிந்ததே. குன்னுடையானுக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னர், சங்கர்; தங்கை அருக்காணி தங்கம்; கொம்பன் என்ற காட்டுப்பன்றி; கடைசியில் வீரர்கள் மாண்டு விழும் படுகளம். ஆனால் பாடும் முறையைக் கவனித்தால்தான் இதன் கட்டுமானம் விளங்கும். இடை குறுகிய உடுக்கையின் நடுவே ஓடும் கயிற்றை ஒரு கை இறுக்கித் தளர்த்த, நாதம் ஏறி இறங்கும். மறு கை விரல்கள் தோலில் அடிக்கும். பாடகர் கொஞ்சம் வசனமாகச் சொல்வார், பிறகு பாட்டாக எடுப்பார். பின்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். எங்கே நிறுத்துவது, எதை நீட்டுவது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் ஊர் பாதி தீர்மானிக்கும்.

இதற்கு நல்ல சான்று பெக்கின் சேகரிப்பிலேயே இருக்கிறது. பாடிப் பதிந்த வடிவத்தோடு, அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வடிவமும் அவருக்குக் கிடைத்தது. 1982இல் வெளிவந்த 'தி த்ரீ ட்வின்ஸ்' நூலில் இவற்றைப் பிற வடிவங்களோடு ஒப்பிட்டார். ஒரே வாய், ஒரே கதை. ஆனாலும் தாளமும் கூட்டமும் விலகியதும் கதை வேறு உருவம் கொள்கிறது. ஆகவே உடுக்கையைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்குவது பெரும்பிழை. பாடிய வடிவம் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியே இரண்டு தொகுதிகளாக வந்தது. நம் வாய்மொழி மரபுக்குக் கிடைத்த பெரிய செல்வம் அது. நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் அதிகமாகப் படித்திருக்க வேண்டும்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கவிஞர் சக்திக்கனலின் பதிப்பு 1971இல் வந்தது. மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' புதினம் எழுதினார். அது 2011இல் தியாகராஜன் இயக்க, பிரசாந்த் இரட்டை வேடமேற்க, இளையராஜா இசையில் திரைக்கு வந்தது. பெக் தாமே 26 பகுதி அசைபடத் தொடரும் தயாரித்தார். இவை கதையைக் கொங்குக்கு வெளியே கொண்டுசேர்த்தன. அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் உடுக்கை ஏன் கூடப் போகவில்லை? பேர்ட்ஸ் குழுவுக்குப் பாட்டைச் சடங்கிலிருந்து பிரிக்கவேண்டிய தேவையே எழவில்லை. இங்கோ உடுக்கை சாமியை அழைக்கும் வாத்தியம். இக்கதையோடு தொடர்புடைய வீரப்பூரில், மணப்பாறை அருகே, மாசித் திருவிழா நடக்கிறது. அண்ணன்மார் கோயில்களில் படுகளம் நிகழும்போது அருள் வந்த ஆட்கள் மாண்ட வீரர்களாகத் தரையில் சாய்கிறார்கள். அவர்களை எழுப்பும்வரை சடங்கு முடிவதில்லை. மூன்று நிமிடத் தட்டில் அடங்குகிற பாட்டு மேடைக்கும் சந்தைக்கும் எளிதில் நகரும். விழுந்தவரை எழுப்பும் பொறுப்பைச் சுமக்கும் பாட்டு அப்படி நகராது. கொங்கின் வள்ளி ஒயில்கும்மி ஆட்டம் மேடையேறிப் பரவியதையும், அதன் ஆசான் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும்: கும்மிக்குக் கால்கள் கூடினால் போதும், உடுக்கைப் பாட்டுக்கு விடியும்வரை உட்காரும் ஊர் வேண்டும்.