வெப்பத்துக்கு வேலி கிடையாது

ருவைஸிலிருந்து அபுதாபிக்குப் போகிற வழியில் மிர்ஃபா என்ற ஊர் வரும். அதற்கு எதிரே கடலில் இருக்கிறது மராவா தீவு. 2017-இல் அங்கே தோண்டியபோது ஒரு சின்ன முத்து கிடைத்தது. வயது சுமார் 8,000 ஆண்டுகள். உலகில் இதுவரை கிடைத்த மிகப் பழைய முத்துகளில் அதுவும் ஒன்று. நம் கொற்கை முத்தைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தது!

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. 20,000 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடலே இல்லை. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்ததால் இந்த வளைகுடா வெறும் தரையாகக் கிடந்தது. பனி உருக உருகத்தான் தண்ணீர் உள்ளே வந்தது. அதாவது நம் வீட்டுப் பக்கத்துக் கடலே ஒரு காலநிலை மாற்றத்தில் பிறந்த கடல்.

கோடு போட்ட கதை

இந்தக் கடல் நெடுங்காலம் முத்துக் கடலாக இருந்தது. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. பிறகு எண்ணெய் வந்தது. ருவைஸ் என்ற ஊர் எழுந்ததும், நம்மில் பலருடைய அப்பாக்கள் இங்கே வந்து சேர்ந்ததும் அதனால்தான்.

கடற்கரை வேகமாக மாறியபோது, எதையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. 1999-இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கடலாமை, கடற்பசு இரண்டையும் பிடிக்கத் தடை போட்டது. 2001-இல் மராவாவைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. 2007-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. பரப்பு 4,255 சதுர கிலோமீட்டர்.

அங்கே யார் குடியிருக்கிறார்கள்? முக்கியமாக, கடற்பசு. ராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி. அபுதாபி கடலில் சுமார் 3,000 இருக்கின்றன. ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக உலகின் பெரிய கூட்டம் இந்தப் பக்கத்துக் கடலில்தான்.

கோட்டைத் தாண்டி வந்தது எது?

வலை போடுகிறவரைத் தடுக்கலாம், படகை நிறுத்தலாம். வெப்பத்தை என்ன செய்வது?

பவளம் ஒரு உயிரினம். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகின்றன, நிறமும் தருகின்றன. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியில் சாகும்.

வளைகுடாப் பவளங்கள் சாமானியப்பட்டவை அல்ல. வேறு கடல்களில் 30, 31 டிகிரியிலேயே பவளம் வெளுக்கத் தொடங்கும். இங்கே 34, 35 டிகிரி வரை தாங்குகிறது. வெப்பம் தாங்கும் தனி வகைப் பாசி ஒன்று இவற்றில் வாழ்வதை 2015-இல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

அப்படிப்பட்ட பவளங்களே 1996-லும் 1998-லும் கொத்துக் கொத்தாக மடிந்தன. 2017 கோடையில் வழக்கமாக வீசும் ஷமால் காற்று போதுமான அளவு வீசவில்லை. நாம் தூசி என்று திட்டுகிற அதே காற்றுதான் கடலை ஆற வைக்கிறது. அது ஓய்ந்ததும் கடல் கொதித்தது. ஒரே ஆண்டில், அபுதாபியில் ஆய்வு செய்த பாறைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு பவளம் போய்விட்டது.

இனி காவல் மட்டும் போதாது

அன்றிலிருந்து "பாதுகாப்பு" என்ற சொல்லின் பொருளே மாறிவருகிறது. எதையும் தொடாமல் விட்டால் போதும் என்பது பழைய பாடம். மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்க உதவ வேண்டும் என்பது புதிய பாடம். அபுதாபி சுற்றுச்சூழல் முகமை 2021-இல் பத்து லட்சத்துக்கு மேல் பவளத் துண்டுகளை வளர்த்து நடும் திட்டத்தைத் தொடங்கியது. 2030-க்குள் 10 கோடி கண்டல் மரங்கள் நடுவதாக நாடு அறிவித்திருக்கிறது. கண்டல் என்றால் பிச்சாவரத்தில் படகில் போகும்போது பார்ப்போமே, அதே மரங்கள்தான். அவற்றின் வேர்கள் சேற்றைப் பிடித்துவைத்துக் கரையைக் காக்கும். ஆனால் கடல்மட்டம் உயரும்போது அவை நிலப்பக்கம் நகர இடம் வேண்டும். பின்னால் சாலையும் சுவரும் நின்றால் எங்கே போகும்?

மன்னார் வளைகுடாவும் இதே பாடத்தைப் படித்திருக்கிறது. 1986-இல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியதால் அரணை இழந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி தீவுகள் இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவும் அதே வழியில் சுருங்கிக்கொண்டிருந்தது. 2015 முதல் அதன் முன்னால் கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மணல் தங்கியது, மீன்களும் வந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலைச் சுட வைப்பது நாம் எரிக்கும் எரிபொருளின் புகை. நம் ஊருக்குச் சோறு போடுவதும் அந்த எரிபொருள்தான். பவளம் நடுவது நேரம் வாங்கித் தரும். புகை குறையாவிட்டால் அந்த நேரமும் தீர்ந்துவிடும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். அதைச் செய்து முடிக்கப்போவது நம் தலைமுறை.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, கடற்கரைப் பக்கத்துத் தாத்தா பாட்டி யாராவது இருந்தால் ஒன்று கேளுங்கள்: "ஆவுளியாவைப் பார்த்திருக்கீங்களா? எங்கே, எப்போ?" பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு கடல் எப்படி மாறியது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.